சந்தை நாளும் சர்வரும்: கன்டெய்னர் ஆர்க்கெஸ்ட்ரேஷன் யாருக்கு லாபம்?

மென்பொருளை எழுதுகிறவரைவிட, அதை விற்றுச் சம்பளம் கொடுக்கிறவருக்கே இந்த அத்தியாயம் அதிகம் பயன்படும். உங்களிடம் வேலை செய்யும் பையன் ஒருநாள் வந்து, "அண்ணே, எல்லாத்தையும் குபர்நெட்டிஸுக்கு மாத்திடலாம்ணே" என்பான். சரி என்பதா, வேண்டாம் என்பதா? அவன் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் தொழில்நுட்பக் காரணங்களாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது வரவு செலவுக் கணக்கு.

கணக்குப் போட ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டையில் ஆறு பேர் வேலை செய்யும் பில்லிங் மென்பொருள் நிறுவனம். திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன், கமுதி, பார்த்திபனூர் பக்கத்தில் 300 சிறு கடைகள் அதன் வாடிக்கையாளர்கள். அது தவிர நூற்பாலை, ஜவுளி மொத்த வியாபாரம், நகைக்கடை என்று தங்கள் தரவு தனியாக இருக்க வேண்டும் என்று கேட்கும் பெரிய வாடிக்கையாளர்கள் 20 பேர். இந்த அத்தியாயம் முழுக்க இவர்களை வைத்தே பேசுவோம்.

மேஸ்திரியின் வேலை

ஒரு அப்ளிகேஷனையும் அது ஓடத் தேவையான லைப்ரரி, செட்டிங் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டினால் அது கன்டெய்னர் இமேஜ். அதை ஓடவிட்டால் கன்டெய்னர். இதற்கான அடிப்படை லினக்ஸ் கெர்னலில் முன்பே இருந்தது. ஒரு நிரல் எவ்வளவு நினைவகம், பிராசஸர் எடுக்கலாம் என்று எல்லை போடும் வசதியான சிகுரூப்ஸ், கூகுள் பொறியாளர்கள் தொடங்கியது, 2008-இல் கெர்னலுக்குள் வந்துவிட்டது. ஆனால் 2013-இல் டாக்கர் வெளிவந்த பிறகுதான் சாதாரண டெவலப்பரின் கைக்கு அது எட்டியது. "என் லேப்டாப்ல ஓடுது, சர்வர்ல ஓட மாட்டேங்குது" என்ற புலம்பலும் அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது.

கன்டெய்னர் இரண்டு மூன்று இருந்தால் ஆளே பார்த்துக்கொள்ளலாம். முப்பது நாற்பதாகி, மூன்று நான்கு மெஷின்களில் பரவிவிட்டால் எது எங்கே ஓடுகிறது, எது படுத்துவிட்டது, எதற்கு நினைவகம் போதவில்லை என்று ஒருவரால் கண் வைத்திருக்க முடியாது. ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் மேஸ்திரி இருப்பார். ஒரு ஆள் வரவில்லையா, வேறு ஆளை அந்த மெஷினில் நிறுத்துவார். வேலை அதிகமான இடத்துக்கு ஆளைத் தள்ளுவார். முதலாளிக்கு போன் போட மாட்டார். ஆர்க்கெஸ்ட்ரேட்டர் செய்வது அந்த வேலை. "பில்லிங் சேவை எந்நேரமும் 3 பிரதி ஓட வேண்டும்" என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால் போதும். எழுதியதையும் நடப்பதையும் அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். 2 தான் ஓடுகிறது என்றால் மூன்றாவதைத் தானே எழுப்பும்.

இந்த வகையில் இன்று எங்கும் பரவியிருப்பது குபர்நெட்டிஸ். கூகுள் தன் உள்வேலைக்குப் பயன்படுத்திய போர்க் என்ற அமைப்பில் கற்ற பாடங்களிலிருந்து பிறந்தது. 2014 ஜூனில் அறிவித்தார்கள், 2015 ஜூலையில் 1.0 பதிப்பு வந்தது, அத்துடன் ஒரு பொது அமைப்பின் பொறுப்புக்குப் போய்விட்டது. அப்பாச்சி உரிமத்தில் கிடைப்பதால் மென்பொருளுக்குக் காசு இல்லை. ஓட்டுகிற ஆளுக்கு உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

சர்வர் வாடகையில் மிச்சம் என்ற பேச்சு

விற்க வருகிறவர்கள் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். நாமும் போட்டுப் பார்ப்போம்.

நம் நிறுவனம் 20 பெரிய வாடிக்கையாளர்களுக்கும் தலைக்கு ஒரு சிறு சர்வர் வாடகைக்கு எடுத்திருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தால் 20,000. உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் அப்ளிகேஷன் 600 எம்பி நினைவகம்தான் பிடிக்கிறது. பிராசஸர் பகலில் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. ஆக மொத்தத் தேவை 12 ஜிபி. இதை 8 ஜிபி மெஷின் மூன்றில் அடுக்கிவிடலாம். ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டில் 16 ஜிபி இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரேட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வது போக 12 அடங்கும். மெஷினுக்கு 4,000 என்றால் மூன்றுக்கு 12,000.

கையில் 8,000 மிச்சம் என்று தோன்றும். பொறுங்கள். அமேசானின் நிர்வகிக்கப்படும் குபர்நெட்டிஸ் சேவையில் மேஸ்திரி வேலை பார்க்கும் கட்டுப்பாட்டு அடுக்குக்கு மட்டும் மணிக்கு 0.10 டாலர் வாங்குகிறார்கள். மாதத்துக்கு 73 டாலர், அதாவது 6,000 ரூபாய்க்கு மேல். லோட் பேலன்சருக்கு, லாக் சேமிப்புக்கு, மெஷின்களுக்கு இடையே தரவு போக்குவரத்துக்கு என்று தனித்தனியாக பில் வரும். மிச்சம் பிடித்த 8,000 போன இடம் தெரியாது. கூகுளில் முதல் சிறு கிளஸ்டருக்குக் கட்டணச் சலுகை உண்டு, மைக்ரோசாஃப்டில் கட்டுப்பாட்டு அடுக்குக்குக் கட்டணமில்லாத வகையும் உண்டு. ஆனாலும் இந்த அளவில் வாடகை மிச்சத்தை நம்பி யாரும் மாறக் கூடாது என்பது என் கட்சி.

நூற்றுக்கணக்கான சேவைகளை ஓட்டுகிறவர்களுக்குக் கதை வேறு. ஸ்பாட்டிஃபை குபர்நெட்டிஸுக்கு மாறியபோது பிராசஸர் பயன்பாடு சராசரியாக இரண்டு, மூன்று மடங்கு உயர்ந்ததாகச் சொன்னது. அந்த அளவுக்கு மெஷின் வைத்திருப்பவருக்கு அது பெரும்பணம்.

எந்த அளவானாலும் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் இவ்வளவு நினைவகம் தேவை, இதற்கு மேல் கூடாது என்று இரண்டு எண்கள் எழுத வேண்டும். பல இடங்களில் டெவலப்பர்கள் பயந்துபோய் தேவைக்கு மூன்று மடங்கு எழுதி வைப்பார்கள். நீங்கள் காலி இடத்துக்கு வாடகை கட்டுவீர்கள். எழுதாமல் விட்டாலோ, ஒரு நகைக்கடையின் ஆண்டு அறிக்கை மெஷின் முழுவதையும் விழுங்கி, பக்கத்தில் ஓடும் நூற்பாலையைத் தள்ளிவிடும்.

பட்டப்பகலில் ரிலீஸ்

உண்மையான லாபம் தொடங்குவது இங்கே.

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் வரி அடுக்குகளை மாற்றி அறிவித்தது. செப்டம்பர் 22 முதல் அமல். நடுவில் 19 நாள். அதுவரை 1,000 ரூபாய் வரையிலான ரெடிமேட் துணிக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்றிருந்தது. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. பில்லிங் மென்பொருள் விற்கும் எல்லாரும் அந்த 19 நாளில் மாற்றி, சோதித்து, வாடிக்கையாளரிடம் சேர்க்க வேண்டியிருந்தது.

20 சர்வர் தனித்தனியாக இருக்கும் நம் நிறுவனத்தில் அது எப்படி நடந்திருக்கும்? இரவு 11 மணிக்குக் கடைகள் அடைத்த பிறகு ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு சர்வராக நுழைந்து, பழையதை நிறுத்தி, புதியதை ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்து, அடுத்ததற்குப் போக வேண்டும். 14-ஆவது சர்வரில் ஏதோ ஒரு லைப்ரரி பழைய பதிப்பாக இருக்கும். விடிந்துவிடும். மறுநாள் அந்த ஆள் அலுவலகம் வர மாட்டார். வந்தாலும் பயனில்லை.

ஆர்க்கெஸ்ட்ரேட்டரில் இதற்குப் படிப்படியான புதுப்பிப்பு என்ற முறை உண்டு. புதிய பதிப்பில் ஒரு பிரதியை எழுப்பும். அது தயார் என்று பதில் சொன்ன பிறகே பழைய பிரதி ஒன்றை இறக்கும். இப்படி ஒவ்வொன்றாக. கடைக்காரர் பில் போட்டுக்கொண்டே இருப்பார். கீழே பதிப்பு மாறியது அவருக்குத் தெரியாது. புதியதில் கோளாறு என்றால் ஒரே கட்டளையில் பழையதற்குத் திரும்பலாம். குபர்நெட்டிஸ் வழக்கமாக முந்தைய 10 பதிப்புகளின் குறிப்பை வைத்திருக்கும்.

இதனால் ரிலீஸ் பகல் 11 மணி வேலையாகிறது. எல்லாரும் அலுவலகத்தில் இருக்கிறார்கள், தவறு நடந்தால் கையோடு திருத்தலாம். மாதம் ஒருமுறை பயந்து பயந்து பெரிய மாற்றமாக விடுவதற்குப் பதில் வாரம் இருமுறை சின்னச் சின்னதாக விடலாம். ஜவுளிக்கடைக்காரர் கேட்ட தள்ளுபடி வசதி தீபாவளிக்கு முன்பே அவர் கைக்குப் போகும். இதற்கு ரூபாய் மதிப்பு போட வேண்டுமானால், கடந்த ஓராண்டில் ரிலீஸுக்காக யார் யார் எத்தனை இரவு விழித்தார்கள், மறுநாள் எவ்வளவு வேலை கெட்டது, ரிலீஸ் தள்ளிப்போனதால் எந்த வாடிக்கையாளர் போனார் என்று எழுதிப் பாருங்கள். சர்வர் பில்லைவிட அந்தத் தொகை பெரிதாக வந்தால்தான் மேலே படிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். புதுப்பிப்பு நடக்கும் சில நிமிடங்களில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே தரவுத்தளத்தில் எழுதும். ஆகவே அதன் அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினாலோ நீக்கினாலோ பழையது உடையும். முதலில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து, எல்லாப் பிரதியும் மாறிய பிறகு பழையதை நீக்கும் பழக்கம் டெவலப்பர்களுக்கு வர வேண்டும். அடுத்தது, வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தவருக்கு எந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டரும் உதவாது. 21-ஆம் தேதி பில்லைத் திருத்தினால் பழைய விகிதம், 22-ஆம் தேதி பில்லுக்குப் புதிய விகிதம் என்று தேதி பார்த்து எடுக்கும் அட்டவணை இருந்திருக்க வேண்டும். அது வடிவமைப்பு வேலை.

இரவு போன்

செத்த கன்டெய்னரைத் தானே எழுப்புவதும், விழுந்த மெஷினில் இருந்தவற்றை வேறு மெஷினுக்கு மாற்றுவதும் விளம்பரத்தில் பெரிதாக வரும். நடப்பில் இது எவ்வளவு வேகம்? கன்டெய்னர் ஒன்று செத்தால் சில வினாடிகள். மெஷினே விழுந்தால், குபர்நெட்டிஸின் இயல்பு அமைப்பில் அதிலிருந்த கன்டெய்னர்களை வேறிடத்தில் எழுப்ப 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். மெஷின் திரும்பி வந்துவிடுமோ என்று அவ்வளவு நேரம் காத்திருக்கும். முக்கியமான சேவைக்கு இரண்டு மெஷின்களில் தலா ஒரு பிரதி வைத்திருந்தால்தான் வாடிக்கையாளருக்கு இடைவெளி தெரியாது. அந்த 5 நிமிடக் காத்திருப்பைக் குறைக்கலாம், ஆனால் யாராவது போய்க் குறைக்க வேண்டும்.

உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சோதனையைத் தவறாக எழுதினால் நோயைவிட மருந்து மோசமாகிவிடும். தரவுத்தளம் பதில் சொன்னால்தான் தான் உயிரோடு இருப்பதாகச் சொல்லும்படி எழுதியிருந்தால், தரவுத்தளம் ஒரு நிமிடம் திணறும்போது எல்லாக் கன்டெய்னரையும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் கொன்று மறுபடி எழுப்பும். எழுந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தை முட்டும். பத்து வரி கோப்பில் இருக்கும் இந்தச் சங்கதியைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருபவரின் திறமையை எடை போடுவேன்.

வீரசோழன் சந்தை நாள்

வாரச் சந்தைக்கும் அதன் ஆட்டு வியாபாரத்துக்கும் பெயர்பெற்ற ஊர் வீரசோழன். பக்ரீத், தீபாவளி நெருங்கினால் சொல்லவே வேண்டாம். சந்தை நாளில் தீவனக் கடை, மளிகை, ஓட்டல், ஜவுளி என்று சுற்றியிருக்கும் கடைகளுக்கு ஒரு வார வியாபாரம் ஒரு நாளில் நடக்கும். நம் மென்பொருளுக்கும் அன்றுதான் சோதனை.

அன்று சர்வர் திணறும், ஆகவே தானாகப் பிரதிகளைக் கூட்டும் வசதி வேண்டும் என்று நினைப்பது இயல்பு. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் நெரிசல் முதலில் வருவது செல்போன் டவரில். அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடி, எல்லார் கையிலும் போன், எல்லாரும் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்கிறார்கள். கடைக்காரரின் டேப்லெட்டில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெங்களூரிலோ மும்பையிலோ எத்தனை சர்வர் வைத்தாலும் அதற்கு மருந்து கிடையாது. இணைப்பு இல்லாவிட்டாலும் பில் போட்டு, டேப்லெட்டிலேயே வைத்துக்கொண்டு, பிறகு அனுப்பும் வகையில் மென்பொருளை எழுத வேண்டும். இதைச் செய்யாமல் ஆர்க்கெஸ்ட்ரேஷனுக்குப் பணம் போடுவது வீண்.

செய்துவிட்டால் இன்னொரு பிரச்சினை முளைக்கும். சந்தை கலைந்து டவர் மூச்சு விட்டதும், காலையிலிருந்து தேங்கிய பில்கள் எல்லாக் கடைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து விழும். சர்வருக்கு உச்சம் என்பது இந்த அரை மணி நேரம்தான். பாதியில் அறுந்த இணைப்பால் ஒரே பில் இருமுறையும் வரும். பில் எண்ணைக் கடையிலேயே உருவாக்கி, இரண்டாவது வந்தால் தள்ளிவிடும்படி வைத்திருக்க வேண்டும். இந்த அரை மணி நேரத்துக்குத் தானியங்கிப் பெருக்கம் உதவும். குபர்நெட்டிஸ் வழக்கமாக 15 வினாடிக்கு ஒருமுறை பளுவை அளந்து, கூடினால் பிரதிகளைக் கூட்டும். பளு இறங்கினால் 5 நிமிடம் பொறுத்துப் பார்த்துக் குறைக்கும். இருக்கும் மெஷினில் இடம் இருந்தால் சில வினாடிகளில் ஆகிவிடும். புதிய மெஷினே வாடகைக்கு எடுக்க வேண்டுமென்றால் சில நிமிடம் ஆகும். அதற்குள் பில்கள் வந்து முட்டியிருக்கும்.

கிரிக்கெட்டை நேரலையில் காட்டும் ஹாட்ஸ்டாருக்கும் இந்தச் சில நிமிடம்தான் தலைவலியாக இருந்தது. 2019 ஜூலையில் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியா நியூசிலாந்து ஆட்டம் நினைவிருக்கும். தோனி ரன் அவுட் ஆனார். ஒரே நேரத்தில் 2.53 கோடி பேர் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. அவர் வெளியேறியதும் கூட்டம் மளமளவென்று கலைந்து 10 லட்சத்துக்கும் கீழே போனது. போனவர்கள் சும்மா போகவில்லை. பின்செல்லும் பொத்தானை அழுத்தி முகப்புப் பக்கத்துக்கு வந்துவிட்டுப் போனார்கள். வீடியோ சர்வர்களின் பளு விழுந்த அதே நொடியில் முகப்புப் பக்கத்தின் பளு ஏறியது. மெஷின் எழுந்து தயாராவதற்குள் கூட்டம் வந்துவிடும் என்பதால் கிளவுடின் வழக்கமான தானியங்கிப் பெருக்கத்தை அவர்கள் நம்பவில்லை; ஆட்டத்துக்கு முன்பே கொள்ளளவை ஏற்றி வைத்து, பார்ப்பவர் எண்ணிக்கையைப் பார்த்துத் தாங்களே எழுதிய கருவியால் கூட்டினார்கள். பின்னாளில் குபர்நெட்டிஸுக்கு மாறி, 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 5.9 கோடி பேரைத் தாங்கினார்கள்.

நமக்கும் அதே வழிதான். சந்தை நாள் எது என்று நாள்காட்டியில் இருக்கிறது. ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி, 3பி-க்கு 20-ஆம் தேதி கடைசி நாள் என்பதும் தெரியும். 10-ஆம் தேதி இரவும் 19-ஆம் தேதி இரவும் கணக்கர்கள் எல்லாரும் ரிப்போர்ட் எடுப்பார்கள். தெரிந்த கூட்டத்துக்கு முன்கூட்டியே பிரதிகளைக் கூட்டும் நேரக் கட்டளை ஒன்று எழுதி வைத்தால் போதும். தானியங்கிப் பெருக்கத்தை எதிர்பாராத கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் போகிமான் கோ விளையாட்டு வந்தபோது, மிஞ்சிப்போனால் 5 மடங்கு என்று அதை உருவாக்கியவர்கள் கணித்திருந்த கூட்டம் 50 மடங்காக வந்தது. கூகுளின் குபர்நெட்டிஸ் சேவையில் ஓடியதால் மெஷின்களைக் கூட்டிக்கொண்டே போக முடிந்தது. அப்படியொரு அதிர்ஷ்டம் பில்லிங் மென்பொருளுக்கு வராது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறக்கும் மெஷின்கள்

எனக்குத் தெரிந்தவற்றில் இந்தியச் சிறு, நடுத்தர நிறுவனங்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய உதாரணம் பெங்களூரின் ஜெரோதா. பங்குத் தரகு நிறுவனங்கள் ஒவ்வொரு வர்த்தக நாளுக்கும் ஒப்பந்தக் குறிப்பைக் கையெழுத்திட்ட பிடிஎஃப் ஆக 24 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். ஒரே பெரிய சர்வரில் இந்த வேலை 7, 8 மணி நேரம் பிடித்தது. மாற்றி எழுதிய பிறகு 15 லட்சத்துக்கு மேற்பட்ட பிடிஎஃப்களை உருவாக்கி, கையெழுத்திட்டு, மின்னஞ்சலில் அனுப்ப 25 நிமிடம். வேலை தொடங்கும்போது மெஷின்கள் பிறக்கின்றன, முடிந்ததும் அழிக்கப்படுகின்றன. மீதி 23 மணி நேரத்துக்கு வாடகை இல்லை.

இதில் இரண்டு செய்திகள். அவர்கள் பயன்படுத்தியது குபர்நெட்டிஸ் கிடையாது. நோமட் என்ற எளிமையான ஆர்க்கெஸ்ட்ரேட்டர். அது ஹாஷிகார்ப் நிறுவனத்தின் படைப்பு. 2023-இல் அதன் உரிமத்தை அவர்கள் இறுக்கிவிட்டார்கள், எடுப்பதற்கு முன் உரிமத்தைப் படியுங்கள். இன்னொன்று, வேகம் முழுவதும் ஆர்க்கெஸ்ட்ரேட்டரால் வந்ததல்ல. முன்பு குரோம் பிரவுசரை எழுப்பி பிடிஎஃப் எடுத்தார்கள். அதை விட்டு டைப்ஸ்ட் என்ற அச்சுக்கோப்புக் கருவிக்கு வந்தார்கள், நிரலை கோ மொழியில் மறுபடி எழுதினார்கள். மட்டமான நிரலை நாற்பது மெஷினில் ஓட்டினால் நாற்பது மெஷினுக்கான பில்தான் வரும்.

நம் நிறுவனத்துக்கு இந்த வாய்ப்பு எங்கே இருக்கிறது என்றால், நூற்பாலைகளின் சம்பளச் சீட்டு, மாதக் கடைசி கணக்குச் சுருக்கம், நிதியாண்டு முடிவின் ஸ்டாக் அறிக்கை. மாதத்தில் சில மணி நேரம் மட்டும் கனமான வேலை. அதற்காக மாதம் முழுக்கப் பெரிய சர்வர் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே மாறலாம்.

மில்லுக்குள்ளேயே வேண்டும் என்கிறவர்கள்

"எங்க டேட்டா எங்க காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கணும்" என்று சொல்லும் மில் முதலாளிகள் உண்டு. அவரை விட்டுவிட்டால் நல்ல ஆர்டர் போய்விடும். அவருக்கென்று தனியாக நிறுவி, தனியாகப் பராமரித்தால் இரண்டு மென்பொருளை வைத்துக் குடித்தனம் நடத்த வேண்டும்.

பெங்களூரின் இகவ் அறக்கட்டளை நகராட்சி சேவைகளுக்காக உருவாக்கிய டிஜிட் தளம் குபர்நெட்டிஸின் மேல்தான் ஓடுகிறது. சொத்து வரி, குடிநீர் இணைப்பு என்று அதே பொதியை வெவ்வேறு மாநிலங்கள் தங்களுக்கு ஏற்ற இடத்தில் நிறுவிக்கொள்ள முடிகிறது. சிறு அளவில் நாமும் செய்யலாம். கே3எஸ் என்ற மெலிந்த குபர்நெட்டிஸ் 100 எம்பிக்கும் குறைந்த ஒரே கோப்பு. மில்லின் அலுவலகத்தில் இருக்கும் ஒரு சாதாரண மெஷினில் ஓடும். கிளவுடில் போகும் அதே இமேஜ், அதே கோப்புகள், அங்கேயும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க கரண்ட் இருக்காது என்பதால் யுபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மெஷின் என்றால் அது விழுந்தால் விழுந்ததுதான் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே இமேஜ் எங்கும் ஓடும் என்பதால் கிளவுட் நிறுவனத்தை நினைத்தபோது மாற்றலாம் என்பார்கள். பாதி உண்மை. கன்டெய்னர்கள் மாறும். அவர்களுடைய தரவுத்தள சேவை, கோப்புச் சேமிப்பு, அனுமதி முறை இவற்றில் நீங்கள் ஊறியிருந்தால் அவை மாறாது. விலை பேசும்போது கொஞ்சம் பலம் கிடைக்கும், அவ்வளவே.

நஷ்டப் பக்கம்

குபர்நெட்டிஸுக்கு ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன. ஒரு பதிப்புக்கு ஆதரவு சுமார் 14 மாதம். ஆண்டுக்கு ஒருமுறையாவது மேம்படுத்தியே ஆக வேண்டும். தள்ளிப்போட்டால் அமேசானில் அந்த 0.10 டாலர் 0.60 ஆகிவிடும், ஆறு மடங்கு. மேம்படுத்தினாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2023 மார்ச் 14 அன்று ரெட்டிட் தளம் 1.23-லிருந்து 1.24-க்கு மாறியபோது, பதிப்பில் நீக்கப்பட்டிருந்த ஒரு பழைய லேபிளை அவர்களின் நெட்வொர்க் அமைப்பு நம்பியிருந்தது. தளம் 314 நிமிடம் படுத்தது. அத்தனை பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே அப்படி.

பாதுகாப்பிலும் இயல்பு அமைப்பை நம்பக் கூடாது. 2018-இல் டெஸ்லாவின் குபர்நெட்டிஸ் நிர்வாகப் பக்கம் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. யாரோ உள்ளே புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ரகசியம் என்ற பெயரில் குபர்நெட்டிஸ் சேமிக்கும் கடவுச்சொற்கள், நீங்கள் தனியாக அமைக்காவிட்டால் பூட்டப்படாமலேதான் இருக்கும். இன்னொரு சட்டச் சிக்கல்: மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கன்டெய்னர் செத்து மறுபடி பிறக்கும்போது அதனுள் எழுதிய லாக் அதோடு போய்விடும். வெளியே ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஆள். குபர்நெட்டிஸ் நன்றாகக் கற்றுக்கொண்ட பையனை சென்னையும் பெங்களூரும் கூப்பிடும்; அருப்புக்கோட்டைச் சம்பளத்தில் அவனைக் கட்டிப்போட முடியாது, கட்டிப்போடவும் கூடாது. அவன் போன மறுநாள் அந்தக் கோப்புகளைப் படிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் அலுவலகத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால் மாறாதீர்கள். பேஸ்கேம்ப் என்ற மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் கிளவுடை விட்டு வெளியேறியபோது குபர்நெட்டிஸையும் விட்டுவிட்டு, தங்களுக்கென்று கமல் என்ற எளிய கருவியை எழுதிக்கொண்டார்கள். (நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் வேறு ஆள் நினைவுக்கு வருவார்.) சொந்த சர்வரில் கன்டெய்னரை ஏற்றி, இடைவெளியில்லாமல் பதிப்பு மாற்ற அது போதும்.

எங்கிருந்து தொடங்குவது

20 பெரிய வாடிக்கையாளர் இல்லாமல் 300 சிறு கடைகள் மட்டுமே என்றால், ஒரு நல்ல மெஷின், அதில் பல கன்டெய்னரைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் காம்போஸ், தினசரி பேக்கப். அதற்கு மேல் வேண்டாம். பகலில் ரிலீஸ் மட்டும் வேண்டுமென்றால் கமல் போன்ற கருவி. நம் கற்பனை நிறுவனம் மாதிரி பல வாடிக்கையாளர், பல பிரதி, தெரிந்த உச்சங்கள், மில்லுக்குள் நிறுவும் தேவை எல்லாம் சேர்ந்திருந்தால் நிர்வகிக்கப்படும் குபர்நெட்டிஸுக்குப் போகலாம். சொந்தமாக நிறுவிக் கட்டுப்பாட்டு அடுக்கையும் தானே பார்த்துக்கொள்ளும் ஆசையை ஆறு பேர் இருக்கும் அலுவலகம் விட்டுவிட வேண்டும். தரவுத்தளத்தைக் கன்டெய்னருக்குள் கொண்டுவராமல் முதல் ஆண்டு வெளியிலேயே வைத்திருங்கள். செத்துப் பிறப்பது அப்ளிகேஷனுக்குப் பரவாயில்லை, கணக்குப் புத்தகத்துக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

முதலில் இரண்டு வாடிக்கையாளரை மட்டும் மாற்றுங்கள். வெளியாளை வைத்துச் செய்வதானால், கிளவுட் கணக்கு, டொமைன், இமேஜ் கிடங்கு மூன்றும் உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். எல்லாக் கோப்புகளும் நிரலைச் சேமித்து வைக்கும் உங்கள் கிட் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். கடைசித் தவணையைத் தருவதற்கு முன் ஒரு வேலை நாள் மதியம், அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, ஒரு மெஷினை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பில் போடுவது எவ்வளவு நேரம் நின்றது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். பிறகு கோளாறுள்ள ஒரு பதிப்பை வேண்டுமென்றே ஏற்றித் திரும்பச் சொல்லுங்கள். அடுத்து நேற்றைய பேக்கப்பிலிருந்து தரவுத்தளத்தை வேறு மெஷினில் மீட்கச் சொல்லுங்கள். மூன்று நேரங்கள் உங்கள் கையில் இருக்கும். வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் சேவை நிற்கும் நேரம் பற்றி எந்த எண்ணை எழுதினாலும் அது இந்த மூன்றில் பெரியதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.